அச்சுக்குக் கொடுக்க முன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்

சிறுவர் கதை எழுத வருபவர்கள் முதலில் நல்ல பதிப்பாளரைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். சரி, ஆனால் கொழும்பில் அச்சுச் செலவு பெரும்பாலும் எழுதுபவரின் தலையில்தான். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிப்பதும், செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்குப் பிரதிகளைச் சுமப்பதும் அநேகமாக நாமேதான்.

அதைவிட, கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது முக்கியம். பக்கத்து வீட்டுத் தரம் 6 பையனுக்கு என் கதை ஒன்றை வாசித்தேன். வெள்ளவத்தைக் கடற்கரை வர்ணனையில் கொட்டாவி விட்டான், அம்மம்மா ஆட்டோக்காரரோடு காசுக்குச் சண்டை பிடிக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிறகு?" என்றான். எங்கே வெட்டுவதென்று அதிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொன்று, நம் பிள்ளைகள் கதைக்குள் வந்ததும் சென்னைத் தமிழ் பேசுவானேன்? "அம்மம்மா, கெதியா வாங்கோ" என்றே எழுதலாமே.