ஒயரைத் தொடாத கைகள்

போன மாதம் எங்கள் இன்ஜினியரிங் காலேஜில் இரண்டாம் ஆண்டு லேப். ஜீனர் டையோடு சோதனை. டேபிளுக்கு நாலு பேர், ரோல் நம்பர் வரிசைப்படி. சுற்றி வரும்போது ஆறாவது டேபிளில் நின்றேன். ஒருவன் பிரட்போர்டில் ஒயர் செருகிக்கொண்டிருந்தான். இன்னொருவன் மீட்டரைப் பார்த்து ரீடிங் சொன்னான். அந்தப் பெண் தலை நிமிராமல் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நாலாவது பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீ என்னப்பா பண்ற?"

"பார்த்துட்டிருக்கேன் மேம்."

நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் சோதனையிலிருந்து எல்லா ரீடிங்கும் அந்தப் பெண்ணின் கையெழுத்து. முத்து முத்தாக, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. "இதுவரைக்கும் ஒரு சர்க்யூட்டாவது நீ கனெக்ட் பண்ணியிருக்கியாம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். "என் கையெழுத்து நல்லா இருக்கும் மேம். அதான் என்னையே எழுதச் சொல்லிடுவாங்க." இன்டர்னல் தேர்வில் சர்க்யூட் பேப்பரில் வகுப்பிலேயே அதிக மார்க் அவளுடையதுதான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே தூங்கினேன். மறுநாள் பஸ்ஸில் வரும்போதுதான் உறுத்தியது. பதினாறு வருஷமாக லேப்பில் நிற்கிறேன். இதே காட்சியை எத்தனை முறை பார்த்துவிட்டு, "ம், சீக்கிரம் முடிங்க" என்று அடுத்த டேபிளுக்கு நகர்ந்திருப்பேன்?

இன்ஜினியரிங் காலேஜில் வேலை பார்ப்பவர்களுக்கு பிஓ, அதாவது புரோகிராம் அவுட்கம், என்றால் என்னவென்று தெரியும், தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். ஒரு நாட்டின் இன்ஜினியரிங் பட்டத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. அதற்கேற்ப, படித்து வெளியே போகும் மாணவனுக்கு என்னென்ன திறமை இருக்க வேண்டும் என்று, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் என்பிஏ பன்னிரண்டு பிஓ வைத்திருந்தது. அதில் ஒன்பதாவது, தனியாகவும் குழுவாகவும் வேலை செய்யும் திறமை. ஒவ்வொரு பேப்பரும் அந்தத் திறமையை எவ்வளவு வளர்க்கிறது என்று 1, 2, 3 போட வேண்டும். எங்கள் லேப் பேப்பர்களில் அந்தக் கட்டத்தில் எப்போதும் 3தான். போட்டது நானேதான். நாலு பேரை ஒரு டேபிளில் நிறுத்திவிட்டோம், குழு வேலை ஆகிவிட்டது!

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் சேர்ந்தவள். முதல் செமஸ்டர் கணக்கு வகுப்பில் சார் போர்டில் எழுதிய எதுவும் புதிதில்லை. மேட்ரிக்ஸ் என்றால் அணி என்று தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. காம்ப்ளெக்ஸ் நம்பர் என்றதும் ஏதோ சிக்கலான சமாச்சாரம் என்று பயந்தேன். போர்டில் அவர் எழுதியதைப் பார்த்ததும், அட, நம்ம கலப்பெண்! முதல் வருட வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், கெபாசிட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். மின்தேக்கி பற்றி மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லை. "ப்ளஸ் டூ எப்படிம்மா பாஸ் பண்ணின?" என்று கேட்டுவிட்டு மார்க் போட்டார். நான் 1,100க்கு மேல் வாங்கியிருந்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். அதையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு நிறையச் செய்திருக்கிறது. 2007இல் நுழைவுத் தேர்வு போனது. 2010இல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அவர்களுடைய கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் அரசு பொறுப்பு. 2022இல் புதுமைப் பெண், மாதம் 1,000 ரூபாய். என் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் பலர் இவை இல்லையென்றால் திருப்பூரிலோ சிவகாசியிலோ வேலைக்குப் போயிருப்பார்கள். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் அரசாங்கம் பிள்ளையைக் காலேஜ் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடும். கேட்டிலிருந்து லேப் டேபிள் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டியது நாங்கள். அந்த முந்நூறு அடியில்தான் பாதிப் பேரைத் தொலைக்கிறோம்.

எனக்கு அந்த முந்நூறு அடியைக் கடக்க உதவியது காலேஜ் இல்லை, என் ரூம்மேட். ஊட்டி கான்வென்ட்டில் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு, இன்டக்ரேஷன் மட்டும் வராது. எனக்கு நேர் எதிர். ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் கட்டிலில் உட்கார்ந்து நான் கணக்குச் சொல்லித் தருவேன், அவள் என்னை வைவா கேள்வி கேட்பாள். தப்பாகப் பேசினால் சிரிப்பாள், நான் தலையணையால் அடிப்பேன். நாலு வருஷத்தில் யார் யாருக்கு உதவினோம் என்று இன்று வரை எங்களுக்குள் தீரவில்லை.

பின்னாளில் யூரி ட்ரைஸ்மன் என்பவருடைய ஆய்வைப் பற்றிப் படித்தபோது அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. 1970களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகம். கால்குலஸ் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் தேறினார்கள். ஆர்வம் இல்லை, பள்ளியில் அடித்தளம் இல்லை, குடும்பத்தில் ஊக்கம் இல்லை என்று பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் இரண்டு பக்கமும் இருபது இருபது பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். கறுப்பின மாணவர்கள் கடுமையாகவே படித்தார்கள், ஆனால் தனியாக. சீன மாணவர்கள் தனியாகக் கணக்குப் போட்டுவிட்டு ராத்திரி கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் பிடித்தார்கள், பழைய கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்தார்கள்.

அவர் அடுத்துச் செய்ததுதான் முக்கியம். பின்தங்கியவர்களுக்கான திருத்த வகுப்பு என்று வைக்காமல், கடினமான கணக்குகளை வைத்துக் கூடிப் போடும் பட்டறை நடத்தினார். வந்தவர்களின் தேர்ச்சி மளமளவென்று ஏறியது.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஸ்லோ லேர்னர் லிஸ்ட். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் ஒரு ஃபைல். முதல் இன்டர்னல் முடிந்ததும் பெயர்ப் பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறும். சாயங்காலம் நாலரைக்கு மேல் அவர்களை மட்டும் ஒரு வகுப்பில் உட்காரவைத்து, முக்கியமான இரண்டு மார்க் கேள்விகளைப் பத்து முறை எழுதச் சொல்வோம். மூன்றாவது நாளிலிருந்து "எஸ்எல் பேட்ச்" என்று கேன்டீனில் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் மீடியத்துப் பிள்ளைகளும், டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டுக்கு வரும் லேட்டரல் என்ட்ரி பிள்ளைகளும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டு முன்பு வரை அந்த நோட்டீஸில் என் கையெழுத்தும் இருந்தது.

இதே காரணத்தால்தான் தமிழ்வழி வகுப்பு விஷயத்திலும் எனக்கு இரண்டு மனம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழில் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் தனி செக்‌ஷன் என்று ஒதுக்கியதும் அந்தப் பிள்ளைகளுக்கும் பக்கத்து வகுப்புக்கும் நடுவில் சுவர் வந்துவிடுகிறது. ஒரே வகுப்பில் இரண்டு மொழியும் புழங்கட்டும் என்பது என் கட்சி. முதல் ஆண்டில் தமிழர் மரபு பேப்பர் நடக்கும் மணி நேரத்தில் வந்து பாருங்கள். வருஷம் முழுக்க வாய் திறக்காத பையன் நடுகல்லைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவான். ஆங்கில மீடியப் பிள்ளைகள் ஆவென்று கேட்பார்கள். அடுத்த மணி ஃபிசிக்ஸ், பழையபடி கல்.

"பேட்ச்சை ஸ்டூடன்ட்ஸே பிரிச்சுக்கட்டும், அப்பதான் ஒத்துமையா வேலை செய்வாங்க" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் அப்படித்தான் விடுகிறோம். என்ன நடக்கிறது? ஒரே பஸ் ரூட், ஒரே பள்ளி. அதற்கடியில் இன்னொன்றும் இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டோம். நாங்குநேரியில் மாணவர்களுக்குள் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அதில் பேசியிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தானே இரண்டு வருஷம் கழித்து எங்களிடம் வருகிறார்கள்? கயிற்றைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான். கடைசியாக எந்தக் குழுவிலும் சேராமல் மிச்சமிருக்கும் மூன்று பேரை நாங்கள் ஒரு பேட்ச் ஆக்குவோம். அந்த மூன்று பேர் யார் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆணும் பெண்ணும் வராண்டாவில் நின்று பேசினால் ஐடி கார்டைப் பிடுங்கும் காலேஜ்கள் நம் ஊரில் உண்டு. அதே காலேஜ் ஃபைனல் இயரில் பிளேஸ்மென்ட்டுக்காக வெளியிலிருந்து ட்ரெய்னரைக் கூட்டிவந்து டீம் பில்டிங் என்று பந்து பிடித்து விளையாடவைக்கும். மூன்று வருஷம் பேசாதே என்று சொல்லிவிட்டு, நாலாவது வருஷம் கூடிப் பேசு என்றால் எப்படி? லேடீஸ் ஹாஸ்டல் கேட் ஆறரைக்குப் பூட்டிவிடும். ப்ராஜெக்ட் வேலை பாய்ஸ் ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்கும். மறுநாள் காலையில் பெண்ணுக்கு என்ன வரும்? ரிப்போர்ட் டைப் பண்ணும் வேலை, பிபிடி போடும் வேலை.

1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் 1940களில் அ. லலிதா, லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று மூன்று பெண்கள் படித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாக்கித்தான் கொடுத்தார்களாம். அச்சுக்காரர் ஒரு பெண் வருவாள் என்றே நினைக்கவில்லை. லலிதா பதினெட்டு வயதில் கணவனை இழந்து, கைக்குழந்தையோடு நின்று, பிறகு எலக்ட்ரிக்கல் படித்தவர். அவர் ஒயரைத் தொட்டாரா, அப்சர்வேஷன் மட்டும் எழுதினாரா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளில் பங்கெடுத்தவர்.

மாற்றுத்திறனாளிகள் பற்றி ஒரு வரி. 2016 சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறது. லேப் மூன்றாவது மாடியில். லிஃப்டில் "ஸ்டாஃப் ஒன்லி" போர்டு.

சரி, நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சோதனை முடிந்ததும் பேட்ச்சில் ஒருவரைக் குலுக்கல் போட்டு எடுத்து வைவா கேட்பேன், அவர் வாங்கும் மார்க்தான் நாலு பேருக்கும் என்றேன். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைப்பு. இரண்டே வாரத்தில் ஒரு பையன் லேப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். "உன்னாலதான்டா எங்க மார்க் போச்சு" என்று ஹாஸ்டலில் வறுத்தெடுத்திருக்கிறார்கள். அவன் வீட்டுக்கு நான் போன் பண்ணி, அவன் அம்மாவிடம் பேசி, அவனிடம் மன்னிப்பும் கேட்டுத் திரும்ப வரவைத்தேன்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் குறையும் நியாயம்தான். "நாலு பேர் பேரும் போடுறோம், நான் மட்டும்தான் பண்றேன் மேம்" என்று ஒருத்தி அழுதிருக்கிறாள். அதற்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மார்க் தனித்தனி. வேலை மட்டும் சுழலும். ஒவ்வொரு டேபிளிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: கனெக்‌ஷன் கொடுப்பவர், ரீடிங் எடுப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர். வாராவாரம் ஒரு இடம் தள்ள வேண்டும். சரிபார்ப்பவர் ஓகே சொல்லாமல் சப்ளை ஆன் பண்ணக் கூடாது. வைவா கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லலாம், கூடவே ஆங்கில டெர்ம் ஒன்றைச் சொன்னால் போதும். சிலபஸ் மாறவில்லை, சர்க்குலர் வரவில்லை, ஹெச்ஓடியிடம் அனுமதிகூடக் கேட்கவில்லை. சில்லறை வேலைதான். லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்குத்தான் கோபம், "டையோடு நாலு போச்சு மேடம் இந்த வாரம்" என்கிறார். போகட்டும் அண்ணே, ஒரு 1என்4007 டையோடு என்ன விலை?

நேற்று ஆறாவது டேபிளில் ஹாஃப் வேவ் ரெக்டிஃபையர், மின் அலையின் மேல் பாதியை மட்டும் விடும் சர்க்யூட். கனெக்‌ஷன் அந்தப் பெண். கை நடுங்கியது தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற பையன் சரிபார்ப்பவன். அவன் லேட்டரல் என்ட்ரி, லீவு நாளில் மாமா கடையில் மோட்டார் வைண்டிங் செய்கிறவன் என்பது எனக்கே போன வாரம்தான் தெரியும். சர்க்யூட்டைப் பார்த்தான், ஓகே என்றான். சப்ளை போட்டார்கள். அலையைத் திரையில் காட்டும் சிஆர்ஓவில் அலை மேலே வராமல் கீழே தொங்கியது. பக்கத்து டேபிளில் சிரிப்பு.

அவன் சப்ளையை ஆஃப் பண்ணினான். "நானும் கவனிக்கல. அந்த வெள்ளிக் கோடு லோடு பக்கம் வரணும், திருப்பிப் போடு" என்றான். அவள் டையோடைப் பிடுங்கி, திருப்பி, ஒரு முறைக்கு இரு முறை பார்த்துச் செருகினாள். அலை மேலே வந்தது.

லேப் முடிய இருபது நிமிஷம் தாமதம். காலேஜ் பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நோட்டில் கையெழுத்துப் போட வாங்கினேன். அந்த வாரம் எழுதியது ஒயர் செருகும் அந்தப் பையன். ஒரு மண்ணும் புரியவில்லை. "இது 4ஆ 9ஆ?" என்று கேட்டேன். அவன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேம், அவளைக் கேட்டுச் சொல்றேன்" என்றான்.