"நீங்கள் எந்தத் தொகுதி?"

போன ஞாயிறு நம் பகுதி அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் நடத்திய கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தீர்த்துவிட்டீர்கள். அந்த "நேரத்தை வீணடித்த பெண்மணி" நான்தான்.

நான் கேட்டது இவ்வளவுதான். 2025 செப்டம்பரில் ஃபெடரல் கல்வித் துறை, சிறுபான்மை மாணவர்கள் அதிகம் படிக்கும் கல்லூரிகளுக்கான சுமார் 350 மில்லியன் டாலர் மானியத்தை நிறுத்தியதே, எங்கள் கம்யூனிட்டி காலேஜுக்காக (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) நீங்கள் என்ன செய்தீர்கள்? காங்கிரஸ் உறுப்பினர் வாயைத் திறப்பதற்குள் உதவியாளர் மைக்கை வாங்கி, "நீங்கள் எந்தத் தொகுதி?" என்றார். சொன்னேன். பக்கத்துத் தொகுதியாம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பின்வரிசையில் நம்மாட்கள் சிரித்தார்கள்.

கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள், 73 கல்லூரி மாவட்டங்கள், 52 காங்கிரஸ் தொகுதிகள். கல்லூரிக்குப் போட்ட கோடு வேறு, தொகுதிக்குப் போட்ட கோடு வேறு. போதாக்குறைக்கு 2025 நவம்பரில் மாநில வாக்கெடுப்பில் 50-வது முன்மொழிவை நிறைவேற்றித் தொகுதிக் கோட்டை மறுபடி மாற்றியாயிற்று. எங்கள் கல்லூரிக்கு மூன்று தொகுதிப் பிள்ளைகள் வருகிறார்கள். ரிப்பன் வெட்ட மூன்று பேரும் வருவார்கள். பணம் போனால் மட்டும் "எந்தத் தொகுதி?"

"அது மாநில விஷயம், மேடம்" என்று பாடம் எடுத்தவருக்கு: சரி, பெரும்பகுதி மாநிலப் பணமும் சொத்து வரியும்தான். வசதி குறைந்த மாணவர்களுக்குத் தரும் பெல் கிராண்ட் யார் பணம்? வருடத்துக்கு 7,395 டாலர் வரை தருகிறார்களே, அது மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்தா வருகிறது? 2026 ஜூலை முதல் எட்டு வாரப் பயிற்சிக்கும் பெல் உண்டு என்று சட்டம் போட்டது யார்?

அப்புறம், சிரித்தவர்களுக்கு. நிறுத்திய மானியங்களில் ஒன்றைப் பெற, ஒரு கல்லூரியில் குறைந்தது பத்து சதவீதம் ஆசிய, பசிபிக் தீவு மாணவர்கள் இருக்க வேண்டும். அந்தப் பத்தில் நம் பிள்ளைகளும் சேர்த்தி. 2018-ல் காங்கிரஸில் தொழிற்கல்விச் சட்டத்தைச் சக உறுப்பினர் கிளென் தாம்சனோடு சேர்ந்து கொண்டுவந்தவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. "நம்ம தமிழர்" என்று அவர் படத்தை ஃபார்வர்ட் செய்கிறீர்கள். சொந்தப் பையன் கம்யூனிட்டி காலேஜ் போனால் மட்டும் "ஒரு பிரேக் எடுத்திருக்கான்" என்கிறீர்கள்.

நான் எச்4-ல், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசாவில், வந்தவள். ஒரு வருடம் கழித்து என்னை உள்ளூர்க்காரி என்று கல்லூரி ஒப்புக்கொண்ட பிறகு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டி மாலை நேர அக்கவுண்டிங் வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு செக்யூரிட்டி கார்டு, சீருடையோடு வருவார், பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிடுவார். பெயர் கூப்பிடும்போது என் நோட்டால் அவர் முழங்கையை இடிப்பேன். அவருக்குப் பெல் கிடைத்தது. எச்4-க்குக் கிடையாது. அதற்காக நான் யாரிடமும் அழவில்லை. அந்த வகுப்பை வைத்துத்தான் இன்று எனக்கு வேலை.

"ஓட்டே இல்லாதவளுக்கு எதற்கு இந்தக் கேள்வி?" என்று ஒரு கமெண்ட். எழுதியவர் என் வீட்டுப் பொங்கலுக்கு வந்தவர். இரண்டு நாளாக அதைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். உண்மைதான், எனக்கு ஓட்டு இல்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் நான்கு பேர் என்று நான்தான் நிரப்பினேன். குடியுரிமை உண்டா என்று அந்தப் படிவத்தில் கேட்கவே இல்லை. அந்த நாலு தலையையும் சேர்த்து எண்ணித்தான் இந்த 52 நாற்காலிகளும் வந்தன.