சுண்டைக்காய் கால் பணம், சாவி முக்கால் பணம்

96 யூரோ என்று போட்டிருந்தார்கள். எட்டு நாளைக்கு ஒரு சின்னக் கார். ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபின் தெற்கு விமான நிலையத்தில் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜனவரியிலேயே பணம் கட்டி முன்பதிவு செய்தேன். ஏப்ரலில் இங்கிலாந்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக் கணக்குப் பார்த்தால் அதே காருக்கு 490 யூரோ போயிருக்கிறது. விபத்து இல்லை, போலீஸ் அபராதம் இல்லை, ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக வைத்துக்கொள்ளவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார் என் பாட்டி. சுமைகூலி இவ்வளவு என்று முதலிலேயே சொல்லியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

காரே வேண்டாம், பஸ்ஸில் போயிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேனரித் தீவுகளில் பஸ்ஸை ‘குவாகுவா’ என்கிறார்கள். கடலோர ஊர்களுக்கு இடையே அது நன்றாகவே ஓடுகிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டே எரிமலையை நோக்கி மேலே ஏறும் பஸ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்து வயது மகனையும் முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவையும் வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கே ஏறி அந்த நேரத்துக்கே இறங்குவது நடக்கிற காரியமா? கடற்கரையில் கள்ளிச்செடி, ஒரு மணி நேரம் ஏறினால் பைன் காடு, அதையும் தாண்டினால் மேகமெல்லாம் காலுக்குக் கீழே பஞ்சுப் பொதியாகக் கிடக்கிறது. நிறுத்தி, இறங்கி, மூச்சு வாங்கிப் பார்க்க வேண்டிய பூமி அது. அங்கே கார் ஆடம்பரம் இல்லை, கால். இது வாடகை நிறுவனங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். குடுமி தங்கள் கையில் இருப்பதும் தெரியும்.

இரவு பத்தேகாலுக்கு இறங்கினோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் அறுபது பேராவது இருந்திருப்பார்கள், கவுன்ட்டரில் இரண்டே பேர். அம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகன் என் தோளில் தூங்கிப்போனான். ஒரு மணி ஐம்பது நிமிடம் நின்றோம். வரிசை நகராததற்குக் காரணம் முன்னால் போனபோதுதான் புரிந்தது. சாவி கொடுக்க இரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் முழுவதும் பயமுறுத்துவதற்குப் போகிறது.

பயமுறுத்துவது என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஏற்கெனவே என்னிடம் ஒரு காப்பீடு இருந்தது, இங்கிலாந்திலேயே 45 பவுண்டுக்கு வாங்கியது. அதைக் காட்டினேன். “இது இங்கே செல்லாது” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். எங்கள் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 26 யூரோ, எட்டு நாளைக்கு 208. அதாவது காரின் வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேண்டாம் என்றேன். உடனே கேள்வி வந்தது: “மாஸ்காவுக்குப் போவீர்களா?” மாஸ்கா டெனெரீஃபின் ஒரு மலைக்கிராமம். போவோம் என்றேன். “பஸ் எதிரே வரும், பக்கக் கண்ணாடி போய்விடும். போன வாரம் ஒரு குடும்பம் 900 யூரோ கட்டியது.” அதன்பிறகு என் மனைவியைப் பார்த்து, “குழந்தை வேறு இருக்கிறான்” என்றார். குழந்தைக்கும் சக்கரத்தின் கீறலுக்கும் என்ன சம்பந்தம்? எந்தக் காப்பீடு என் பிள்ளையின் உயிரைக் காக்கும்? இரவு பன்னிரண்டு மணிக்கு, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் நிற்கும் தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்வதற்குப் பெயர் விற்பனை இல்லை.

நான் மசியவில்லை. அப்படியானால் 1,400 யூரோவைக் கிரெடிட் கார்டில் முடக்கி வைப்போம், டெபிட் கார்டு ஏற்க மாட்டோம், ஓட்டுநரின் பெயரிலேயே கார்டு இருக்க வேண்டும் என்றார்கள். என் கார்டின் வரம்பில் முக்கால்வாசி அங்கேயே காலி. அடுத்தது பெட்ரோல். முழுத் தொட்டிக்கும் 98 யூரோ முன்பணம், மிச்சம் இருந்தால் திரும்பத் தர மாட்டோம். கேனரியில் ஸ்பெயின் பெருநிலத்தைவிடப் பெட்ரோல் மலிவு, அங்கே வரியே வேறு. அந்தச் சின்னத் தொட்டியை வழியில் இருக்கும் எந்த பங்கில் நிரப்பினாலும் ஐம்பது யூரோவைத் தாண்டாது. பாதியை மிச்சம் வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பாதி யாருக்குப் போனது? எனக்குப் பின்னால் வந்தவரிடமும் அதே பெட்ரோலுக்கு இன்னொரு 98 வாங்கியிருப்பார்கள்.

குழந்தை இருக்கைக்கு எட்டு நாளைக்கு 64 யூரோ. 135 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தை அதில்தான் உட்கார வேண்டும் என்பது ஸ்பெயின் சட்டம், மிக நல்ல சட்டம். ஆனால் சட்டம் கட்டாயமாக்கிய பொருளை வைத்து லாபம் பார்க்கிறார்கள். வந்த இருக்கையின் பட்டையில் யாரோ கொட்டிய பால் காய்ந்து பாறையாகியிருந்தது. மனைவியும் ஓட்டுவதற்கு இன்னொரு 56 யூரோ கேட்டார்கள். அதை மட்டும் விட்டுவிட்டோம், எட்டு நாளும் நானே ஓட்டினேன். கார்டு இயந்திரம் யூரோவா பவுண்டா என்று கேட்டது, அவர்களே பவுண்டு என்று அமுக்கிவிட்டார்கள். அந்த மாற்று விகிதத்தில் இன்னும் சில பவுண்டுகள் போயின. ஒரு திரையை நீட்டி மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எதற்குக் கீழே கையெழுத்திட்டேன் என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது. திரையில் கோடு மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஓட்டிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது! மாஸ்காவுக்குப் போகும் சாலை மலையின் விலாவில் கத்தியால் கீறியது போல இருக்கும். கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கீழே பள்ளத்தாக்கு, பள்ளத்தாக்கின் வாயில் கடல். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நான் வலது பக்கம் ஓட்ட வேண்டும், அது எல்லா ஆங்கிலேயர்களும் செய்வதுதான், பழகிக்கொள்ளலாம். ஆனால் என் கண் பள்ளத்தாக்கில் இல்லை, வலது முன்சக்கரத்தில் இருந்தது. சாலையோரக் கல்வரிசை சக்கரத்தை உரசுமோ, உரசினால் 1,400-இல் எவ்வளவு போகும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவில் அம்மா, “அங்கே பார், எவ்வளவு பெரிய பனைமரங்கள்” என்றார். நான் திரும்பவே இல்லை. பனையைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது அவருக்கு! அதைக் காட்டிய நேரத்தில் “பேசாமல் வாருங்கள் அம்மா” என்று எரிந்து விழுந்தேன். அதை நினைத்தால் இன்னும் சுடுகிறது.

நிபந்தனைகளைப் பிறகு ஓட்டலில் உட்கார்ந்து படித்தேன். பத்தொன்பது பக்கம், பொடி எழுத்து. தார் போடாத சாலையில் சென்றால் எந்தக் காப்பீடும் செல்லாது. அவர்களிடமே 208 யூரோ கட்டியிருந்தாலும் செல்லாது! முன்பு ஃபுவேர்தவெந்தூரா தீவுக்குப் போயிருக்கிறோம். அங்கே கோஃபேதே கடற்கரைக்குப் போக மோரோ ஹாப்லே ஊரைத் தாண்டி மலையைச் சுற்றிப் போகும் மண் சாலை ஒன்றுதான் உண்டு. அதில் புழுதி கிளப்பிக்கொண்டு போவதில் பெரும்பாலானவை வாடகைக் கார்களே. நிறுவனங்களுக்கு இது தெரியாதா? திரும்பி வரும் கார்களின் அடியில் ஒட்டியிருக்கும் செம்மண் சொல்லாதா? தெரிந்தே விற்கிறார்கள். கல் தெறித்து ஏதாவது உடைந்தால் மட்டும் பத்தொன்பது பக்கத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

தீவு விட்டுத் தீவு போவதற்கும் அதே கதை. லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்திலிருந்து லா கோமேராவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கப்பலுக்குள் கார் ஏற்ற இடம் இருக்கிறது. எங்கள் காரை ஏற்ற நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி கேட்டால் தர மாட்டோம் என்றார்கள். வாடகை கட்டிய காரைத் துறைமுகத்தில் இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினோம்.

நல்லவேளை ஏறினோம். சான் செபாஸ்தியானில், 1492-இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்ட அந்தச் சின்ன ஊரில், ஒரு பெரியவர் கார் வாடகைக்குக் கொடுக்கிறார். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் நாட்காட்டி. இரண்டு நாளைக்கு 70 யூரோ என்றார். டெபாசிட் எவ்வளவு என்றேன். கையை விரித்தார், இல்லை. காப்பீடு? எல்லாம் சேர்த்துத்தான். சக்கரம், கண்ணாடி? அவையும் காரில்தானே இருக்கின்றன என்றார். கார்பன் தாள் வைத்த படிவத்தில் பேனாவால் என் பெயரை எழுதினார். வரைபடத்தில் ஒரு மண் சாலையைக் காட்டி, மழை பெய்திருக்கிறது, இந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்றார். போகும்போது துறைமுகத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்துவிடுங்கள் என்றார். மொத்தம் எட்டு நிமிடம்.

அந்த இரண்டு நாள்தான் எங்களுக்கு விடுமுறை. 1986-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கராஹோனாய் காட்டுக்குள் மூடுபனி மரம் மரமாக நகர்ந்தது. பாசி போர்த்த கிளைகளிலிருந்து மழையில்லாமலே நீர் சொட்டியது. வாயே கிரான் ரேய் பள்ளத்தாக்கில் படிப்படியாக வெட்டிய வயல் வரப்புகளில் வாழையும் பனையும் நின்றன. நினைத்த இடத்தில் நிறுத்தினேன். அம்மா ஒரு பனையடியில் போய் நின்று அதன் தூரைத் தடவிப் பார்த்தார். கார் அதே அளவு கார், சாலை அதைவிட வளைந்த சாலை. என் கைகள் மட்டும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு தனி ஆள், ஒரு மேசையும் பேனாவும் வைத்துக்கொண்டு நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்ய முடிகிறது. நூற்றுக்கணக்கான கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஏன் முடியவில்லை?

டெனெரீஃபுக்குத் திரும்பிய மறுநாள் கலிமா வந்தது. சஹாராவிலிருந்து காற்று தூக்கிவரும் புழுதியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வானம் மஞ்சளாகிவிட்டது, மலை மறைந்துவிட்டது. பால்கனித் துணி, மேசை, கார் எல்லாவற்றின் மேலும் மாவு போல ஒரு படலம். கடைசி நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் காரைக் கொண்டு போய் நிறுத்தினேன். கார் அழுக்காக இருக்கிறதாம், கழுவ 45 யூரோ. வரிசையாக நின்ற அவர்களுடைய கார்கள் அத்தனையும் அதே புழுதியில் நின்றன. பாலைவனத்துக் காற்றுக்கும் நான்தான் பணம் கட்ட வேண்டுமா?

அதற்குப் பிறகு ஒரு இளைஞர் செல்போன் டார்ச்சை ஏற்றிக்கொண்டு குனிந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வலது முன்சக்கர விளிம்பில் என் சுண்டுவிரல் நகத்தளவு ஒரு கீறல். அதன் ஓரத்தில் துரு இருந்தது. எட்டு நாளில் துருப்பிடிக்குமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். 187 யூரோ. விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் யாரும் சண்டை போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எடுக்கும்போது புகைப்படம் எடுக்கவில்லையா என்பீர்கள். எடுத்தேன், 43 படம். நடுஇரவில், விளக்கு எரியாத மூலையில் நிறுத்தியிருந்த காரை என் செல்போன் வெளிச்சத்தில் எடுத்தேன். அந்தச் சக்கரத்தின் படத்தில் கீறல் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அனுப்பினேன். “படம் தெளிவாக இல்லை” என்று பதில் வந்தது. விளக்கில்லாத இடத்தில் காரை நிறுத்தியது யார்?

2017-இலேயே ஐரோப்பிய ஆணையமும் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகளும் ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்களிடம் பேசி வழிமுறைகளை மாற்ற வைத்தார்கள். தவிர்க்க முடியாத கட்டணங்கள் எல்லாம் முன்பதிவு விலையிலேயே சேர வேண்டும், காப்பீட்டில் எது உண்டு எது இல்லை என்பது புரியும்படி இருக்க வேண்டும், பெட்ரோல் விதி தெளிவாக இருக்க வேண்டும், காரைச் சோதிக்க வாடிக்கையாளருக்கு வாய்ப்பு வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் கவுன்ட்டரில் பட்டது ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் வரிக்கு வரி இருக்கிறது. நோய் என்ன என்று எல்லாருக்கும் தெரிந்து இத்தனை வருடமாகியும் அறுபது பேர் வரிசையில் நின்று அதையே வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். முதல் பக்கத்தில் உண்மையான விலையைப் போடுங்கள். எட்டு நாளைக்கு 350 யூரோ ஆகுமென்றால் 350 என்று போடுங்கள், கட்டுகிறேன். 96 என்று கூப்பிட்டுவிட்டு நள்ளிரவில் பிள்ளையைக் காட்டி மீதியைப் பிடுங்காதீர்கள்.

இங்கிலாந்தில் வாங்கிய காப்பீட்டு நிறுவனம் 187 யூரோவைத் தருகிறேன் என்கிறது, ஆனால் பழுது பார்த்ததற்கான பில் வேண்டுமாம். வாடகை நிறுவனத்திடம் பில் கேட்டு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். பில் வரவில்லை. அந்தச் சக்கரத்தை அவர்கள் பழுது பார்த்திருந்தால் அல்லவா பில் இருக்கும்? அதே கீறலோடு அந்தக் கார் இப்போது யாரிடம் இருக்கிறதோ, எத்தனையாவது 187 யூரோவைச் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறதோ. நான்காவது கடிதத்தை நேற்று இரவு அனுப்பினேன். ஐந்தாவதும் எழுதுவேன்.