பாடும் வாயைத்தான் வரைந்தேன்

சென்ற வாரம் நான் வரைந்து பதிவிட்ட பாடகரின் ஓவியத்துக்குக் கீழே என்னென்ன எழுதப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும். வாய் கோணியிருக்கிறதாம், கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதாம், பெரிய கலைஞர் ஒருவரை நான் அவமதித்துவிட்டேனாம். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இனியும் இருந்தால் அதை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் வரைந்தது அவருடைய முகம் அன்று, அவருடைய பாட்டு. மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது தாடை இறங்கும், புருவம் ஏறும், கழுத்தின் இருபுறத் தசைகளும் கயிறுபோல் எழும். அவற்றையெல்லாம் அழித்துவிட்டு ஒரு புன்னகையைப் பொருத்தினால், அந்தப் படத்தில் அவர் இருப்பார், பாட்டு இருக்காது.

அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1890 முதல் 1892 வரை ஒரு கச்சேரிப் பாடகியை வரைந்தார். வாயும் தொண்டையும் அசைவதைப் பார்ப்பதற்காகவே, தம்முன் நின்ற அந்தப் பாடகி வீடா குக்கை, ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் ஒரே பாடலை மறுபடி மறுபடி பாடச் சொன்னார். அந்த ஓவியத்திலும் வாய் திறந்துதான் இருக்கிறது.

நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கலாமே என்கிறார்கள். புகைப்படம் ஒரு நொடியின் சிறு துண்டைத்தான் பிடிக்கும். நான் கச்சேரியில் இரண்டு மணி நேரம் அரை இருட்டில், தாள் புரளும் ஓசை பிறருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று பாட்டுகளுக்கு இடையில் மட்டும் பக்கம் திருப்பியபடி அமர்ந்திருந்தேன். கச்சேரியில் வயலின் வாசிப்பவரை வரையும்போதும் இப்படித்தான்: வில் எனக்காக நிற்காது. ஆனால் போன இடத்துக்கே திரும்பி வரும். ஒருமுறை தோளைப் பார்ப்பேன், அடுத்த முறை மணிக்கட்டை, அதற்கடுத்த முறை விரல்களை. அப்படிப் பல வருகைகள் சேர்ந்துதான் ஒரு கை உருவாகிறது. பாடகரின் அந்த வாயும் அப்படித்தான் உருவானது.

அனுமதி பெற்றீர்களா என்று கேட்பவர்களுக்கு: பெற்றேன்.

முன்பு ஒரு வயலின் கலைஞரை வரைந்தபோது, பல ஆண்டுகள் வாத்தியம் அழுத்தி அவருடைய இடது தாடைக்குக் கீழே பதிந்திருந்த கருந்தழும்பை, அழகாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படத்தைப் பார்த்தவர், “என் தழும்பு எங்கே?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு எந்தக் கலைஞரின் உடலிலிருந்தும் அவர் உழைப்பின் அடையாளத்தை நான் நீக்கியதில்லை. இதையா அவமதிப்பு என்கிறீர்கள்? அந்தப் பாடகரை மதிக்காமலா இரண்டு மணி நேரம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்?

உண்மையைச் சொன்னால், உங்கள் வசைகள் என்னை அவ்வளவாக வருத்தவில்லை. கச்சேரி முடிந்ததும் அந்தப் பாடகர் என் ஏட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பாட்டின் எந்த இடம் என்று தெரிகிறது என்று சொல்லி, அந்த வரியை மெல்ல முணுமுணுத்தும் காட்டினார். பதிவிடலாமா என்று கேட்டபோது தலையசைத்தவரும் அவரே. அவருடைய பெயரைச் சொல்லி இத்தனை பேர் என்னைத் திட்டிய பின்பும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகப் போய்க் கேட்கவும் மனம் வரவில்லை.

படத்தை நீக்கமாட்டேன். அந்த வாயில் ஒரு கோட்டைக்கூட மாற்றமாட்டேன்.