ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது?

பயிர்க் காப்பீட்டுப் பதிவு, நெல் கொள்முதல் பதிவு என்று விவசாயிகளுக்காக இணையதளம் கட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தே ஆகவேண்டும். மனிதர்-கணினி ஊடாட்டத் துறையில் நித்யா சாம்பசிவன் மூன்று சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2010-இல் வெளியிட்டது. பெங்களூரின் இரண்டு குடிசைப் பகுதிகளில் மக்களோடு பழகி எழுதியிருக்கிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போன் வாங்க வசதியில்லாதவர்களும் அங்கே தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள், இன்னொருவர் கை வழியாக. இதில் மூன்று விதம் உண்டு என்கிறது கட்டுரை. நமக்காக ஒருவர் நம்பரைப் போட்டுக் கொடுப்பது, வந்த தகவலைப் படித்துச் சொல்வது, இரண்டையும் அவரே செய்துவிடுவது.

டெல்டாவில் பெரும்பாலும் மூன்றாவதுதான் நடக்கிறது. சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது எந்தக் கம்ப்யூட்டர் சென்டரிலும் பார்க்கலாம். எங்கள் தெருப் பெரியம்மா சிட்டா, அடங்கல், பாஸ்புக், ஆதார் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுவார். "பெரியம்மா, மகனுக்குப் போன் போடுங்க, ஓடிபி வந்திருக்கும்" என்பான் அந்தத் தம்பி. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி முதலிலிருந்து. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும்.

புல எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் பெரியம்மாவுக்குத் தெரிய வழியில்லை. வெள்ளத்தில் பயிர் மூழ்கி, பக்கத்து வயல்காரருக்கு இழப்பீடு வந்து தனக்கு வராதபோதுதான் தெரியும். (குத்தகைக்குச் செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். பட்டாவே வேறு பெயரில் இருக்கும்.)

'விவசாயிக்கு ஸ்மார்ட்போன் பழக்கிவிட்டால் சரியாகிவிடும்' என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். பழக்கட்டும், நல்லதுதான். ஆனால் எழுபது வயதில் அவர் அதைக் கற்றுக்கொண்டால்தான் காப்பீடு என்பது என்ன நியாயம்? உதவுகிறவர் ஒருவர் நடுவில் இருப்பார் என்று தெரிந்தே வடிவமைக்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போகிற கடிதத்தை அடுத்தவரிடம் சொல்லி எழுதவைத்த ஊர்கள் இவை. எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துக்காட்டச் சொல்வார்கள், அப்புறம்தான் உறையை ஒட்டுவார்கள். இணையதளம் அந்தப் படித்துக்காட்டலைத் தூக்கிவிட்டது.

அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வித்தையில்லை. பதிவில் இரண்டு நம்பருக்கு இடம் கொடுங்கள், ஒன்று விவசாயியுடையது, இன்னொன்று உதவுகிறவருடையது. ஓடிபி இரண்டில் எந்த நம்பருக்கு வந்தாலும் செல்லுபடியாகட்டும். யார் பதிந்து கொடுத்தது என்பதும் பதிவில் ஏறட்டும். பதிவு முடிந்த கையோடு பெரியம்மாவின் பட்டன் போனுக்குத் தமிழில் ஒரு அழைப்பு போகட்டும்: உங்கள் பெயர், கிராமம், புல எண், எத்தனை ஏக்கர், எவ்வளவு பிரீமியம். தவறு இருந்தால் 2-ஐ அழுத்தவும்.