"அரிசி 25 சதம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படம் முகநூலில் வந்துவிடுகிறது. மஞ்சள் பூத்த பின்னணி, மூலையில் ஒரு பழைய கார், நடுவே "1962இல் நம் நாட்டு விலைவாசி". முதல் வரி அரிசி, கொத்து (அன்று அரிசி அளந்த ஒரு அளவு) 25 சதம். கீழே வரிசையாக "அதெல்லாம் ஒரு காலம்", "பொற்காலம்", "இப்ப நினைச்சுப் பார்க்கேலுமோ" என்று பெருமூச்சுகள். திருகோணமலைக் குழுமங்களில் இது இன்னும் அதிகம். உட்துறைமுக வீதியின் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

25 சதம் என்பது பொய்யில்லை. அது யாருக்கு, எவ்வளவுக்கு, எந்தக் கடையில் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், கொஞ்சம் நீளமாக.

அது கூப்பன் அரிசியின், அதாவது அரசு பங்கீட்டுப் புத்தகத்துக்கு அளந்து கொடுத்த அரிசியின் விலை. 1960இல் வந்த அரசு கூப்பன் அரிசியைக் கொத்து 25 சதத்துக்குக் கொண்டுவந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 2 கொத்து. ஒரு கொத்து அரிசி ஏறக்குறைய 2 றாத்தல் (900 கிராமுக்குச் சற்று மேல்), நாலு சுண்டு. அப்படியென்றால் கிழமைக்கு 8 சுண்டு. ஏழு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள்: நாளுக்கு ஒரு சுண்டும் அதற்கு மேலே ஒரு பிடியும். இன்றைய கணக்கில் 260 கிராம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர் அதை ஒரு நேரத்திலேயே முடித்துவிடுவார். மிச்ச நேரத்துக்குப் பாண், மரவள்ளிக்கிழங்கு, குரக்கன். அதுவும் போதாவிட்டால் வெளிக்கடை அரிசி. வெளிக்கடையில் 25 சதத்துக்கு ஒருவரும் அளந்து தரவில்லை. படத்தில் உள்ள விலை அந்தக் கூப்பன் அரிசிக்கு மட்டும்தான்.

ஆறு பேர் உள்ள வீட்டுக்குக் கிழமைக்கு 12 கொத்து, 3 ரூபாய். 3 ரூபாய் அன்று பெரிய காசா, சின்னக் காசா என்பதை அந்த வீட்டின் ஒரு நாள் கூலியோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின் இங்கே எத்தனை வீட்டில் மாதச் சம்பளம் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருகோணமலையின் 1960கள் கொழும்பின் 1960கள் மாதிரி இருக்கவில்லை. கப்பல்துறையை நம்பியிருந்த ஊர் இது.

கொத்து என்பது நிறை இல்லை, அளவு. இதில்தான் சண்டையே. அரிசியைக் கொத்துக்குள் மெல்லச் சொரிந்தால் ஒரு அளவு, கொத்தை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு அளவு. குவித்து அளப்பதும் விளிம்போடு வழித்து அளப்பதும் ஒன்றாகாது. வழித்து அளக்கிற ஆள் சுண்டுவிரல் பக்கத்தை உள்ளே கொஞ்சம் அமத்தி வழித்தால் ஒரு சிறங்கை அரிசி சாக்குக்குள் திரும்பி விழும். வீட்டில் சுண்டு என்று வைத்திருந்தது 50 சிகரெட் வரும் தகரப் பேணி. அடி நெளிந்த பேணியால் அளந்தால் நாளுக்கு நாள் குறைவு சேர்ந்து, கிழமைக் கடைசியில் பானை சொல்லும். ஆகவே "ஒரு கொத்து" என்று எழுதும்போது குவித்ததா வழித்ததா என்று கேட்காமல் எழுதக்கூடாது.

இனி அந்த 25 சதம் எங்கிருந்து வந்தது என்ற கதை. கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்து விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். அரசின் உத்தரவாத விலைத் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் நெல்லை வாங்கியது புசல் 12 ரூபாய்க்கு. ஒரு புசல் நெல் 46 றாத்தல். அவித்துக் குற்றினால் நூற்றுக்கு 68 அளவில் அரிசி வரும் என்று வையுங்கள், 31 றாத்தல் சொச்சம். கொத்துக் கணக்கில் பதினைந்தரை. 12 ரூபாயை அதால் பிரித்தால் கொத்துக்கு 77 சதம். அவித்த கூலி, குற்றிய கூலி, லொறிக் கூலி, எலி தின்றது எதுவும் இதில் சேரவில்லை. 77 சதத்துக்கு மேல் போன அரிசியை அரசு 25 சதத்துக்குக் கொடுத்தது. சொந்த வயலில் விளைந்த நெல்லைச் சங்கத்துக்கு விற்றுவிட்டு, கூப்பனுக்கு அரிசி எடுத்துச் சாப்பிடுவது லாபம் என்ற நிலை வந்தது இதனால்தான். அப்படிச் செய்தவர்களை ஏமாற்றுக்காரர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கணக்குத் தெரிந்த எவரும் அதைத்தான் செய்திருப்பார்.

இடைவெளியை அடைத்தது திறைசேரி. பிற நாட்டு அரிசியும் வந்தது. 1952இல் சீனாவோடு செய்த றப்பர்-அரிசி ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி. இந்த மானியத்தில் கைவைத்தவர்கள் பட்ட பாடும் தெரிந்ததே. 1953இல் 25 சதத்தை 70 சதமாக்கியதும் ஓகஸ்ட் 12 ஹர்த்தால், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகல். 1962 வரவு செலவுத் திட்டத்தில் 2 கொத்தை ஒன்றரையாக்கப் பார்த்த நிதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அமைச்சையும் விட்டார். முகநூலில் "1962 பொற்காலம்" என்று போடுகிற அதே ஆண்டில், அரைக் கொத்துக்காக அமைச்சர் ஒருவர் போயிருக்கிறார். நாடு செழித்திருந்தால் அந்த அரைக் கொத்தில் ஏன் கைவைக்கப் போகிறார்கள்?

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பட்டியல் போடுகிறவர்கள் கிலோவையும் லீற்றரையும் அன்றைய விலைக்குப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அன்று கிலோ இல்லை. சீனி, பருப்பு, மீன் எல்லாம் றாத்தல். றாத்தலுக்கு 16 அவுன்ஸ், 454 கிராம். மண்ணெண்ணெய் போத்தலில். கலனுக்கு 6 போத்தல், ஆகவே போத்தல் என்பது முக்கால் லீற்றரும் ஒரு சொட்டும். துணி யாரில். நெல் புசலில். கிலோ நடைமுறைக்கு வந்தது எழுபதுகளில். "1961இல் ஒரு கிலோ சீனி" என்று தொடங்கும் எந்தப் பட்டியலையும் நான் அந்த வரியோடு நிறுத்திவிடுவேன்.

பொழுதுபோக்கு என்றால் எல்லோரும் இலங்கை வானொலி என்கிறார்கள். சரிதான், வர்த்தக சேவையை அறிவிப்பாளர் மயில்வாகனம் அவர்களின் குரலுக்காகக் கடல் கடந்தும் கேட்டார்கள். ஆனால் அந்தக் குரல் நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ ஒரு வீட்டுக்குள் வந்து சேர என்னென்ன வேண்டியிருந்தது என்பதை யாரும் எழுதவில்லை. அதில்தான் என் ஆசையெல்லாம்.

மின்சாரம் இல்லாத வீட்டில் பற்றரி றேடியோ. அதற்குள் இருக்கும் கண்ணாடிக் குழலான வால்வுக்கு இரண்டு வகை மின் வேண்டும். இழையைச் சூடாக்க 1.5 வோல்ற், மற்ற வேலைக்கு 90 வோல்ற். 90 வோல்ற் வயரை மாறி இழைப் பக்கம் கொடுத்துவிட்டால் ஒரு கணத்தில் நாலு வால்வும் போய்விடும், சத்தம்கூட வராது. ஆகவேதான் இரண்டு முனைக்கும் இரண்டு மாதிரிச் செருகி. 90 வோல்ற் பற்றரி தளரும்போது முதலில் போவது சிற்றலை. மத்திய அலை பேசிக்கொண்டிருக்கும், சிற்றலைப் பக்கம் திருப்பினால் ஊமை. அலைவை உண்டாக்கும் வால்வுக்கு உயர்ந்த அலைவரிசையில் இயங்கத்தான் கூடிய அழுத்தம் தேவை. பலர் இதைத் தெரியாமல் றேடியோ பழுது என்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள். மாற்ற வேண்டியது பற்றரி.

ஏரியல் கம்பி 40, 50 அடி. இரண்டு தென்னைக்கு நடுவே, இரு முனையிலும் பீங்கான் குமிழ். கம்பி மரத்தில் முட்டக்கூடாது, மிக இறுக்கிக் கட்டவும் கூடாது, காற்றுக்கு மரம் ஆடும்போது அறுந்துவிடும். நில இணைப்புக்கு ஒரு குழாயை ஈர மண்ணில் இறக்கி, சுற்றிக் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடற்கரை மணலில் ஒரு கிழமை தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்த இணைப்பு இருந்தும் இல்லாததுதான். எங்கள் ஊருக்கென்றே உள்ள வில்லங்கம் உப்புக்காற்று. ஏரியல் கம்பியை உள்ளே வரும் வயரோடு முறுக்கிய இடத்தில் பச்சைக் களிம்பு ஏறும். காற்று அடிக்க அடிக்கக் கரகரப்பு. சுரண்டித் துடைத்து ஈயம் பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூசினால் ஒரு மாரி தாங்கும். மாரியில் இடி முழக்கம் என்றால் ஏரியலைக் கழற்றி வெளியே நிலத்தோடு தொடுத்துவிட வேண்டும். பாட்டு முக்கியமா வீடு முக்கியமா என்று பெரியவர்கள் சத்தம் போடுவது இதற்காகத்தான்.

மின்சாரம் உள்ள நகர வீடுகளில் வேறு தொல்லை. போட்டவுடன் பேசாது, அரை நிமிடம் வால்வு சூடேற வேண்டும். இரைச்சல் கூடினால் மின்தேக்கி காய்ந்துவிட்டது. குரல் கரடுமுரடாகி, பின்னால் பார்த்தால் வெளியீட்டு வால்வு மிதமிஞ்சிச் சூடேறியிருந்தால் மெழுகுக் கடதாசி மின்தேக்கி ஒழுகுகிறது. சின்னச் சாமான்தான், விட்டால் பெரிய வால்வைக் கொண்டு போகும். இறக்குமதிக் கட்டுப்பாடு 1961இலிருந்து இறுகி வந்ததால் ஒரு வால்வு போனால் விலையைவிட அது கிடைப்பதுதான் பாடு. அதையும் எந்தப் பட்டியலும் சொல்லாது.

படம் பார்ப்பதிலும் இதே கதை. இந்தியாவிலிருந்து வந்த பிரதி பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து இங்கே வரும்போது திரையில் கீறல்கள் மழையாகப் பெய்யும். படச்சுருள் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு ஒட்டிலும் சில சட்டங்கள் (சுருளில் உள்ள தனித்தனிப் படங்கள்) போகும். ஒலி படத்துக்கு 20 சட்டம் முன்னால் பதிந்திருப்பதால் படம் ஒரு இடத்திலும் பாட்டு இன்னொரு இடத்திலும் துள்ளும். 2000 அடிச் சுருள் 22 நிமிடம். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னினால் அடுத்த படமோட்டும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும், ஏழெட்டு வினாடியில் இரண்டாவது புள்ளிக்கு மாற்ற வேண்டும். இயந்திரத்துக்கு ஒளி தரும் கரிக்கோல் எரிந்து இடைவெளி கூடினால் திரை மங்கும். கலரியில் விசில் கிளம்புவது அந்த நேரம்தான். மேலே இயந்திர அறையில் நிற்கிற ஆளுக்கு மூன்று மணித்தியாலமும் இருந்து ஆற நேரமில்லை.

செய்தியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொழும்புப் பத்திரிகை இரவுத் தபால் வண்டியில் கல்லோயாச் சந்தி தாண்டிக் காலையில் வந்து சேரும். வண்டி பிந்தினால் நாடும் பிந்திவிடும். 1961 பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணத்தில் தமிழ் மொழி உரிமைக்காகத் தொடங்கிய சத்தியாக்கிரகம் இங்கும் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலுக்கு வந்தது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம், தலைவர்கள் கைது. அந்த நாட்களில் வானொலி என்ன சொன்னது என்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் சனம் கவனித்தது. பெரிய பதவியில் இல்லாத சாதாரண மனிதர்கள் வெயிலில் நிலத்தில் உட்கார்ந்த ஆண்டு அது. "அரிசி 25 சதம்" பட்டியலில் அந்த ஆண்டு ஒரு பின்னணிப் படமாகப் போய்விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டில் எண்பது தாண்டியவர் இருந்தால் இப்போதே கேட்டு எழுதுங்கள். "அந்தக் காலத்தில் என்ன விலை" என்று கேட்டால் நினைவில் நின்ற ஒரு எண்தான் வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கலந்து. ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைப் பிடியுங்கள். பள்ளிக்கூடங்களை அரசு எடுத்ததற்கு முன்னா பின்னா? அது 1960 டிசம்பர். கோணேசர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னா? அது 1963. தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலுக்கு முன்னா? 1964 டிசம்பர் 22. சதக் காசு கையில் பாரமாக இருந்ததா, காற்றில் பறக்கும் அளவுக்கு இலேசா? இலேசான அலுமினியம் என்றால் 1963க்குப் பின். பிறகு கேளுங்கள்: கூப்பனுக்கா வெளிக்கடையிலா, கொத்தா றாத்தலா, அன்றைக்கு உங்கள் கையில் கூலி எவ்வளவு.

அலுமாரி அடியில் பழைய கூப்பன் புத்தகம் கிடந்தால் தயவுசெய்து லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் மை கலையும், பிளாஸ்ரிக் ஒட்டினால் திரும்ப எடுக்கவும் முடியாது. யன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாமல் வைத்து, அட்டையையும் எஞ்சிய ஒவ்வொரு தாளையும் இரு பக்கமும் படம் எடுங்கள். பெயரும் முகவரியும் உள்ள இடத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள். கடை முத்திரையை மட்டும் மறைக்க வேண்டாம், எந்த ஊர்ச் சங்கம் என்று அதில்தான் இருக்கும்.