ஈயின் மூளை வரைபடத்தை வைத்து மனித நினைவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?

"மூளையின் வயரிங் முழுசும் கிடைத்துவிட்டது, இனி மனித நினைவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. 2024 அக்டோபரில் வெளியானது பழ ஈயின் மூளை வரைபடம்: ஒரே ஒரு பெண் ஈ, சுமார் 1,39,000 நியூரான்கள் (நரம்பு செல்கள்), அவற்றுக்கிடையே 5 கோடி இணைப்புகள். நம் மூளையில் நியூரான்களே சுமார் 8,600 கோடி.

வரைபடம் வீண் என்றில்லை. அதை அடிப்படையாக வைத்து எழுதிய கணினி மாதிரியில் சர்க்கரைச் சுவை நியூரான்களைத் தூண்டினால், உறிஞ்சுகுழலை நீட்டவைக்கும் நியூரானும் விழித்துக்கொள்கிறது. நிஜ ஈயிலும் அப்படித்தான்.

இடறுவது வேறிடத்தில். எது எதோடு இணைந்திருக்கிறது என்பது எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படத்தில் தெரியும்; உயிரோடிருந்தபோது அங்கே எந்த ரசாயனம் எவ்வளவு பரவியிருந்தது என்பது தெரியாது. நண்டின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சில் சுமார் 30 நியூரான்கள்தான். தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்தாலும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். அதில் டோபமைன், செரடோனின் போன்ற நரம்பு ரசாயனம் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள்: இணைப்பு ஒன்றுகூட மாறாது, தாளம் மாறிவிடும்.

இத்தனைக்கும், 302 நியூரான் கொண்ட சி. எலிகன்ஸ் புழுவின் வரைபடம் 1986லேயே வந்துவிட்டது. அந்தப் புழுவின் நடத்தையையே இன்னும் முழுதாகக் கணிக்க முடியவில்லை.